டாக்டரிடம் குறை சொல்லும் முறை

வியாபாரத்தில் கணக்குப் பிழை நேராத கடை இல்லை. சிட்டையில் உள்ளதைப் பேரேட்டில் எழுதும்போது ஒரு சைபர் கூடிவிட்டால் 9 வெள்ளி 90 வெள்ளியாகிவிடும். வாடிக்கைக்காரர் அதைக் கண்டு நம்மிடம் வந்து சொன்னால் நாம் கோபிப்பதில்லை. பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிறோம், பிழையைத் திருத்துகிறோம், "சொன்னீர்களே, நல்லதாயிற்று" என்று ஒரு தேநீரும் வரவழைத்துக் கொடுக்கிறோம். ஒன்றும் சொல்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடும் வாடிக்கைக்காரரைப் பற்றித்தான் நமக்குக் கவலை. அவர் ஏன் போனார் என்பது நமக்குத் தெரிவதேயில்லை.

ஆனால் நாமே ஒரு கிளினிக்கின் முன்கூடத்தில் போய் உட்காரும்போது இந்த நியாயத்தை மறந்துவிடுகிறோம். கவுண்டரில் பெயரை மாற்றி எழுதினாலும், டாக்டர் சொன்னது ஒன்றும் சிப்பந்தி சொன்னது வேறொன்றுமாக இருந்தாலும், நம்மில் அநேகர் மூன்றில் ஒன்றைச் செய்கிறோம். பேசாமல் வீடு திரும்புகிறோம். அல்லது கவுண்டரிலேயே சத்தம் போடுகிறோம். அல்லது அடுத்த முறை வேறு கிளினிக்குக்குப் போகிறோம். இம்மூன்றிலும் டாக்டருக்கு நடந்தது தெரியாமலே போகிறது. பிழை அங்கேயே தங்கி, அடுத்து வரும் நோயாளிக்காகக் காத்திருக்கிறது. ஆகவே, கிளினிக் சிப்பந்திகளால் நேரும் செய்திப் பிழைகளை டாக்டரிடம் எவ்வாறு எடுத்துச் சொல்வது என்பதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

சிறு பிழை ஏன் பெரிதாகிறது?

சில நாடுகளில் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார். நோயாளி அதை மருந்துக் கடைக்குக் கொண்டுபோய், அங்குள்ள மருந்தாளரிடம் கேட்டு வாங்குவார். மலேசியாவில் வழக்கம் வேறு. டாக்டர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்க 1952ஆம் ஆண்டு விஷப்பொருள் சட்டம் இடமளிக்கிறது. ஆதலால் நம் வட்டாரத் தனியார் கிளினிக்குகளில் டாக்டர் உள்ளே எழுதுகிறார்; சிப்பந்தி வெளியே அதைப் படித்து, மாத்திரையை எண்ணிப் பையிலிட்டு, மேலே எழுதி, வாயாலும் சொல்லிக் கொடுக்கிறார். டாக்டரின் சொல் நம் காதுக்கு வருமுன் இரண்டு மூன்று கை மாறிவிடுகிறது. கை மாறும் சரக்குக்குச் சேதம் உண்டு என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அஃதன்றி, மொழியும் இடையில் நிற்கிறது. செந்தூலில் ஒரே முன்கூடத்தில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் கேட்கின்றன. பையின்மேல் "தீகா காலி செஹாரி" என்று மலாயில் எழுதியிருக்கும். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று கடையில் உழைக்கும் மகனுக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்த தாயாருக்குத் தெரியாது. "செபெலும் மாக்கான்" என்றால் உண்பதற்கு முன், "செலெப்பாஸ் மாக்கான்" என்றால் உண்ட பின். இந்த ஒரு சொல் மாறினால் சர்க்கரை வியாதிக்காரருக்கு மயக்கமே வரலாம். இந்நாட்டில் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 15.6 சதவிகிதத்தினருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். நம் கடைகளிலும் வீடுகளிலும் தினந்தோறும் மாத்திரை உண்ணாதவர் குறைவு.

மலேசியாவில் 12 அரசாங்க கிளினிக்குகளில் 1,753 நோயாளி ஏடுகளைப் பரிசோதித்து, 2012ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவற்றில் 98 சதவிகித ஏடுகளில், படிக்க முடியாத கையெழுத்து உள்ளிட்ட எழுத்துக் குறைகள் இருந்தன. 41.1 சதவிகித ஏடுகளில் மருந்து சம்பந்தமான பிழைகள் காணப்பட்டன. கண்டெடுத்த பிழைகளில் 93.5 சதவிகிதம் தடுத்திருக்கக் கூடியவை என்பதே ஆய்வாளர் முடிவு. இந்த ஏடுகள் கவுண்டர் சிப்பந்தி எழுதியவை அல்ல. வைத்தியம் பார்த்தவர்கள் எழுதியவை. அப்படிப்பட்ட எழுத்தைப் படித்துத்தான் சிப்பந்தி மருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. கவுண்டரில் வெளிப்படும் பிழையின் வேர் சில சமயம் டாக்டரின் பேனாவிலேயே இருக்கும். டாக்டரிடமே சொல்ல வேண்டும் என்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நான்கு வகைப் பிழைகள்

முதலாவது, பெயர்ப் பிழை. இது நம் சமூகத்தாரைத் தனியே பாதிக்கும் விஷயம். முகமது, ஷேக், சையது, அப்துல் என்று தொடங்கும் பெயர்கள் ஒரே கிளினிக்கில் பல இருக்கும். காதர் என்ற ஒரு பெயரையே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஓர் ஏட்டில் தகப்பனார் பெயர் முன்னே வரும். மற்றோர் ஏட்டில் பின்னே போகும். இன்னொன்றில் காணாமலே போய்விடும். ஒருவரின் இரத்தச் சோதனை மற்றொருவரின் ஏட்டில் சேர்ந்தால் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்து வேலைக்கு வரும் நம் தொழிலாளிக்கு மருத்துவச் சோதனை செய்யும்போது பாஸ்போர்ட்டிலுள்ள பெயர் ஓர் எழுத்து மாறினாலும் பெர்மிட் வேலை தடைப்படும்.

இரண்டாவது, மருந்துப் பிழை. எத்தனை வேளை, எத்தனை நாள், எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பவற்றைச் சொல்வதில் நேருவது. ரமலான் மாதத்தில் இது அதிகம். மூன்று வேளை மாத்திரையை ஸஹரிலும் இஃப்தாரிலும் எப்படிப் பிரித்து உண்பது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். கவுண்டரில் ஒருவர் தம் அபிப்பிராயத்தைச் சொல்ல, நாம் அதையே டாக்டர் சொல்லாக எடுத்துக்கொள்வது ஆபத்து.

மூன்றாவது, செய்தி சேராப் பிழை. சோதனை முடிவைத் தெரிவிப்பதாகச் சொன்னவர்கள் தெரிவிக்காதது, நாம் தொலைபேசியில் சொன்னதை டாக்டரிடம் சொல்லாதது, தவணைத் தேதியை மாற்றிச் சொல்வது ஆகியவை இதில் அடங்கும். "கூப்பிடவில்லை, ஆகவே நோய் ஒன்றுமில்லை" என்று நம்மவர்கள் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். செய்தி வரவில்லை என்பது நல்ல செய்தி ஆகாது.

நான்காவது, இரகசியப் பிழை. முன்கூடத்தில் பத்துப் பேர் கேட்க ஒருவரின் நோயைக் கூவிச் சொல்வதும், தவறான எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் முடிவை அனுப்புவதும் இத்தகையன. 2010ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை நுண்மையான தகவல் என்று வகுத்திருக்கிறது. தனியார் கிளினிக் வைத்திருக்கும் நம் விவரம் தவறாயிருந்தால், அதைத் திருத்தக் கேட்கும் உரிமையும் அச்சட்டத்தில் உண்டு.

குறை சொல்வது புறம் பேசுவதாகுமா?

நம்மில் பக்தியுள்ள சிலர், "ஒரு சிப்பந்தியின் பிழையை அவருடைய முதலாளியிடம் சொல்வது புறம் பேசுவதாகாதா?" என்று தயங்குகிறார்கள். நல்ல தயக்கமே. ஆனால் இமாம் நவவீ அவர்கள் (ஹிஜ்ரி 676இல் மறைந்தவர்கள்) ஒருவரின் குறையை அவர் இல்லாத இடத்தில் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை வகுத்திருக்கிறார்கள். தனக்கு நேர்ந்த அநீதியை, அதை நீக்க அதிகாரமுள்ளவரிடம் முறையிடுவது அவற்றில் ஒன்று. தவற்றை மாற்ற உதவி தேடுவது மற்றொன்று. டாக்டரிடம் சொல்வது இந்த வகையைச் சேர்ந்தது. அதே விஷயத்தைச் சாப்பாட்டுக் கடை மேசையில் விஸ்தரிப்பதும், கிளினிக்கின் பெயரோடும் சிப்பந்தியின் பெயரோடும் குழுவுக்குக் குழு வாட்ஸ்அப்பில் பரப்புவதும் அந்த வகையில் சேரா. அதனால் ஒரு பிழையும் திருந்துவதில்லை. ஒருவரின் மானம் மட்டும் போகிறது.

இன்னொன்றும் நினைவுகூரத் தக்கது. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி பணிக்கும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தை வியாபாரிகள் அறிவார்கள். எழுதுபவருக்கும் சாட்சிக்கும் துன்பம் விளைவிக்கலாகாது என்பதும் அதே வசனத்தின் கட்டளை. கவுண்டர் சிப்பந்தியும் ஓர் எழுத்தரே. காலைமுதல் இரவுவரை நின்றுகொண்டு, பெயர் பதிந்து, தொலைபேசி கேட்டு, மருந்தும் கட்டி, பணமும் வாங்குகிறார். அவர் பெரும்பாலும் நம் பெண்மக்கள் வயதுள்ளவர். நம் கடைச் சிப்பந்தியை ஒரு வாடிக்கைக்காரர் பத்துப் பேர் முன்னிலையில் ஏசினால் நமக்கு எப்படி இருக்கும்? பிழை திருந்த வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஒருவரின் பிழைப்புப் போக வேண்டும் என்பது நம் கோரிக்கையாக இருக்கலாகாது.

பொறுப்பு யாருடையது?

கணக்கப்பிள்ளையின் பிழைக்கு முதலாளி பொறுப்பு என்பது கடைத்தெரு நியாயம். மலேசியச் சட்டமும் அதையே சொல்கிறது. 1998ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2006 மே முதல் தேதி அமலுக்கு வந்த தனியார் சுகாதார நிலையங்கள் சட்டத்தின்படி ஒவ்வொரு தனியார் கிளினிக்கும் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். நோயாளிகளின் குறைகளைக் கேட்டுத் தீர்க்க ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. ஆகவே நாம் குறை சொல்லும்போது தயவு கேட்பதாக எண்ண வேண்டாம். சட்டம் திறந்துவைத்துள்ள வாசல் வழியே போகிறோம்.

உலக அளவிலும் இக்கருத்து வலுப்பெற்றிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஒன்பது பாதுகாப்பு முறைகளில், ஒலியில் ஒத்த மருந்துப் பெயர்கள், நோயாளியை அடையாளம் காணுதல், கை மாறும்போது செய்தி சொல்லுதல் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. ஆண்டுதோறும் செப்டம்பர் 17 நோயாளிப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2023இல் அந்நாளின் கருப்பொருளே நோயாளிகளின் குரலுக்கு இடமளிக்க வேண்டும் என்பதாக இருந்தது.

சொல்லும் முறை

1. அவசரத்தை முதலில் கவனிக்க வேண்டும். மருந்தைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் கடிதம் எழுதும் வரை காத்திருக்கலாகாது. உடனே தொலைபேசியில் அழைத்து, "டாக்டரிடமே கேட்டுச் சொல்லுங்கள்" என்று கண்டிப்பாகக் கூற வேண்டும். மயக்கம், மூச்சுத் திணறல் போன்றவை கண்டால் 999ஐ அழைக்க வேண்டும். அல்லது ஜாலான் பகாங்கிலுள்ள கோலாலம்பூர் ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். மருந்துப் பையையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

2. அன்றே எழுதிவைக்க வேண்டும். தேதி, நேரம், டாக்டர் சொன்னது, கவுண்டரில் சொன்னது ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மருந்துப் பை, ரசீது, தவணைச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி ஒன்றையும் எறியவோ அழிக்கவோ கூடாது. ரசீதில்லாத வழக்குக் கடைத்தெருவில் எடுபடுமா?

3. கண்டதையும் ஊகித்ததையும் பிரிக்க வேண்டும். "பையில் இரண்டு வேளை என்று எழுதியிருக்கிறது" என்பது கண்டது. "அந்தப் பெண் கவனமில்லாதவள்" என்பது ஊகம். டாக்டருக்கு வேண்டியது முன்னது.

4. தனியே பேச நேரம் கேட்க வேண்டும். நோயாளிகள் நிறைந்த மாலை வேளையில் வாசலில் நின்று பேசினால் எவரும் காது கொடுக்க முடியாது. "சிகிச்சை சம்பந்தமாக டாக்டரிடம் ஐந்து நிமிஷம் பேச வேண்டும், எப்போது வரலாம்?" என்று கேட்டால் போதும்.

5. ஒரு கோரிக்கையோடு முடிக்க வேண்டும். ஏட்டில் பெயரைத் திருத்தவா, மருந்து விவரத்தை எழுதித் தரவா, சோதனை முடிவை யார் எப்போது தெரிவிப்பார் என்று சொல்லவா, எது வேண்டும் என்பதைத் தெளிவாகக் கூற வேண்டும். கோரிக்கை இல்லாத குறை வெறும் புலம்பலாக முடியும்.

பேச்சை இவ்வாறு தொடங்கலாம்: "டாக்டர், உங்கள் வைத்தியத்தில் எனக்குக் குறையில்லை. நீங்கள் சொன்னதும் வெளியே எனக்குச் சொல்லப்பட்டதும் பொருந்தவில்லை. இன்னொருவருக்கு இது நேரக் கூடாதென்று உங்களிடம் தெரிவிக்க வந்தேன்."

ஒரு மாதிரிக் கடிதம்

நேரில் பேசக் கூச்சமுள்ளவர்களுக்கும், பேசியும் பலன் காணாதவர்களுக்கும் கடிதமே சிறந்தது. டாக்டருக்குத் தெரிந்த மொழியில், மலாயிலோ ஆங்கிலத்திலோ, பிள்ளைகளைக் கொண்டு எழுதிக்கொள்ளலாம். கருத்து வருமாறு இருக்கலாம்:

"மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

என் தகப்பனார் தங்களிடம் இரத்த அழுத்தத்துக்கு வைத்தியம் பார்த்து வருகிறார். அவருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும் மேலே காண்க. இம்மாதம் 4ஆம் தேதி மாலை அவரைத் தங்களிடம் அழைத்து வந்தேன். பழைய மாத்திரையை நிறுத்திப் புதிய மாத்திரை தருவதாகத் தாங்கள் கூறினீர்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் இரண்டு மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. இரண்டையும் தொடரும்படி சொல்லப்பட்டது. மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது, தங்களிடம் சொல்வதாகக் கூறினார்கள்; பதில் வரவில்லை. பைகளின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

எந்த மாத்திரையை உண்ண வேண்டும் என்பதை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மருந்து மாற்றம் எவ்வாறு வெளியே தெரிவிக்கப்படுகிறது என்பதையும் தாங்கள் பார்வையிட வேண்டுகிறேன். எவர்மீதும் நடவடிக்கை கோரி இதை எழுதவில்லை. தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

இதில் ஏச்சில்லை, பயமுறுத்தலில்லை, தேதி இருக்கிறது, கோரிக்கை இருக்கிறது. கடிதத்தின் நகல் ஒன்றை நம்மிடம் வைத்துக்கொண்டு, சேர்ப்பித்த தேதியையும் அதில் எழுதிவைக்க வேண்டும்.

டாக்டர் கேளாவிட்டால்

நியாயமான நாட்கள் பொறுத்தும் பதில் இல்லையானால், அதே கடிதத்தின் நகலோடு கிளினிக் உரிமையாளருக்கோ நிர்வாகத்துக்கோ எழுதலாம். பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் குறை கேட்கவென்றே அதிகாரி உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பொதுமக்கள் தொடர்புப் பிரிவை நாட வேண்டும். அதன் பின்னும் தீராதது சுகாதார அமைச்சுக்குப் போகலாம். தனியார் மருத்துவ நிலையங்களைக் கண்காணிக்கும் பிரிவு அங்கே இருக்கிறது. டாக்டரின் சொந்த நடத்தையைப் பற்றிய முறையீடாயிருந்தால் மட்டும் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் இயங்கும் மலேசிய மருத்துவ மன்றத்துக்கு எழுத வேண்டும். கவுண்டர் சிப்பந்தியின் பெயர்ப் பிழைக்கு அந்த மன்றம் உரிய இடமாகாது.

நீதிமன்றம் கடைசி வழி, நீண்ட வழி. ஆபத்தைப் பற்றி நோயாளிக்குச் சொல்ல வேண்டிய டாக்டரின் கடமை சம்பந்தமாக இந்நாட்டில் பெயர்பெற்ற ஃபூ ஃபியோ நா வழக்கில், சம்பவம் நடந்தது 1982இல். கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2006 டிசம்பரில். பெரும் தீங்கு நேர்ந்தவர் அந்த வழியே போகத்தான் வேண்டும். சிறு பிழையை அன்றே சொல்லித் திருத்திக்கொள்பவர் பலருக்கு அந்தத் தீங்கு நேராமலே தடுத்துவிடுகிறார்.

நம் பங்கு

தொலைபேசியில் சரக்கு ஆர்டர் எடுக்கும்போது, "பத்து மூட்டை அரிசி, வெள்ளிக்கிழமை, சரிதானே?" என்று திருப்பிச் சொல்கிறோம் அல்லவா? மருந்து வாங்கும்போதும் அதையே செய்ய வேண்டும். "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பின், ஏழு நாள், சரிதானா?" என்று நாமே திருப்பிச் சொன்னால், பிழை அந்த இடத்திலேயே பிடிபடும்.

பெயரை மட்டும் சொல்லாமல் அடையாள அட்டையின் 12 இலக்கங்களையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் மருந்துகளையும் ஒரே தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கலாம். தொலைபேசி எண் மாறினால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். பழைய எண்ணுக்கு அவர்கள் அழைத்திருந்தால் குற்றம் நம்முடையதே. தமிழ் மட்டும் அறிந்த அம்மாவையும் அத்தாவையும் தனியே அனுப்பாமல், மலாய் அறிந்த பிள்ளை ஒருவரைத் துணைக்கு அனுப்ப வேண்டும். கடையைவிட்டு ஒரு மணி நேரம் போவது நஷ்டம் என்று எண்ணலாகாது.

டாக்டர் திருத்திக்கொண்டால், அடுத்த முறை போகும்போது அதற்காக நன்றி சொல்வதும் நம் பங்கே. அந்தச் சிப்பந்தியிடமும் முகமலர்ச்சியோடு ஒரு ஸலாமோ வணக்கமோ சொல்ல வேண்டும். அப்போது, பிழையைத்தான் பேசினோம், மனிதரைப் பகைக்கவில்லை என்பது அவருக்கு விளங்கும்.

சிந்திக்க

1. உங்கள் வீட்டாரில் எத்தனை பேர் தினமும் மருந்து உண்கிறார்கள்? அவற்றின் பெயரும் வேளையும் எங்கேனும் எழுதப்பட்டிருக்கின்றனவா?

2. உங்கள் பெயர் அடையாள அட்டையிலும் கிளினிக் சீட்டிலும் ஒரே விதமாக இருக்கிறதா?

3. கடைசியாகச் செய்த இரத்தச் சோதனையின் முடிவு உங்கள் கைக்கு வந்ததா?

4. உங்கள் கடையில் ஒரு வாடிக்கைக்காரர் சிப்பந்தியைப் பற்றிக் குறை சொல்ல விரும்பினால், உங்களிடம் வந்து சொல்ல வழி இருக்கிறதா?

இக்கேள்விகளை இன்றிரவு கடை அடைத்த பின் வீட்டாரோடு அமர்ந்து பார்க்கும்படி சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், நாளைக் காலை முதல் வேலையாக டாக்டரை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.